தாங்கும் அளவு

ஒன்பது நாள் ஒரே அளவைக் காட்டும் மீட்டரை எங்கள் கம்பெனியில் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவோம். கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் சோதனைப் பிரிவில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். தண்ணீரின் அழுத்தம் ஏறும், இறங்கும், சமயத்தில் நடுங்கும். முள் அசையாமல் நின்றால் பம்ப் நன்றாக ஓடுகிறது என்று நாங்கள் சந்தோஷப்படுவதில்லை. மீட்டர் செத்துவிட்டது என்றுதான் எழுதுவோம்.

என் கழுத்தில் ஒரு மீட்டர் ஒன்பது நாள் செத்துக் கிடந்தது. சோப்பு டப்பா அளவில் வெள்ளைக் கருவி. தினமும் காலை எட்டு மணிக்குப் பேசும்.

"வணக்கம் சம்யுக்தா. பாப்பா தேறிட்டு வர்றாங்க. நேத்தைவிட எடை எட்டு கிராம் கூடியிருக்கு. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க."

அதன் பெயர் ஆறுதல். பெயர் வைத்தவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பதாக இருக்கிறேன்.

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை. பிறந்த அன்றே அவளைப் பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அன்றைக்கே என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அந்தப் பிரிவின் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஜெசிந்தா சிஸ்டர். ஐம்பது வயது தாண்டியவர். அவர்தான் கருவியை என் கழுத்தில் மாட்டிவிட்டு, மணிக்கட்டில் ஒரு பட்டையையும் கட்டினார். என் கணவருக்கும் அதேபோல் ஒரு கருவி, ஒரு பட்டை.

"பாப்பாவப் பத்தி எதுவானாலும் இதுதான் கண்ணு சொல்லும். நாங்க வாயத் தொறக்கக் கூடாது. சட்டம்."

"ஏனுங் சிஸ்டர், உங்களுக்குத் தெரியுமில்ல? நீங்களே சொன்னா ஆவாதா?"

"பதினோரு வருசத்துக்கு முன்னாடி நாங்கதான் சொல்லிட்டிருந்தோம். ஒரு ஆஸ்பத்திரில, கொழந்த தவறிடுச்சுன்னு சொன்ன டாக்டரைச் சொந்தக்காரங்க அடிச்சதுல அவரும் போய்ட்டாரு. அப்பறம் இன்னொரு ஊர்ல வார்டையே கொளுத்திட்டாங்க. அதுக்குப் பொறவுதான் இந்தச் சட்டம். இந்தப் பட்டை உன்ற நாடியப் பாக்கும். நீ எவ்வளவு தாங்குவியோ அவ்வளவுதான் டப்பா சொல்லும். மருந்து மாதிரி, அளந்து."

"நான் எவ்வளவு தாங்குவேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் கண்ணு எனக்கும் தெரியல" என்று சிரித்தார். அன்றைக்கு எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. பாலைப் பீய்ச்சி எடுக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். முதல் நாள் மூன்று மில்லி வந்தது. அதற்கே கை தட்டினார்.

நாலாம் நாளிலிருந்து அவர் மாறிவிட்டார். கண்ணு என்று கூப்பிடுவதை நிறுத்தினார். பால் பாட்டிலை நீட்டினால் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். அறுவை சிகிச்சை டாக்டர் அஃப்சல் என்று ஒருவர், முப்பது வயது இருக்கும், வராந்தாவில் எதிரே வந்தால் சுவரோரமாக ஒதுங்கி வேகமாக நடந்தார். நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை.

கண்ணாடி வழியாகப் பார்க்க ஒரு நாளைக்கு இரண்டு முறை விடுவார்கள். கருவி தேறிட்டு வர்றாங்க என்கிறது. எனக்குத் தெரிவதோ வேறு. நாலாம் நாள் நிமிடத்துக்கு அறுபது முறை மூச்சு விட்டவள் ஏழாம் நாள் தொண்ணூறு முறை விட்டாள். எண்ணுவது என் தொழில், என்னிடமே கணக்கு காட்டினால் எப்படி? ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய் வந்தது. காலில் லேசான வீக்கம். எட்டு கிராம் கூடியது அந்த வீக்கமாகக்கூட இருக்கலாமே?

கருவியிடம் கேட்டேன். "பாப்பாவுக்கு மூச்சு வாங்குது. என்ன பிரச்சனை?"

"சம்யுக்தா, உங்க நாடித்துடிப்பு இப்ப நூத்திப் பதினாறு. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு ஓய்வெடுங்க. அப்பறம் பேசலாம்."

ஆத்திரம் வந்தால் நாடி ஏறும். நாடி ஏறினால் இது வாயை மூடிக்கொள்ளும். வாயை மூடிக்கொண்டால் எனக்கு ஆத்திரம் வரும். இப்படியே மூன்று நாள். அதைச் சுவரில் அடித்து உடைக்காமல் விட்டதற்கு, அதற்குள் என் மகளைப் பற்றிய உண்மை இருக்கிறதே என்ற ஒரே காரணம்தான்.

என் கணவர் சபரீஷுக்கு அந்த உண்மை தெரியும் என்று நினைத்தேன். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். ஆறடி உயரம், கதவு மாதிரி உடம்பு. ஊசியைக் காட்டினால் மட்டும் மயங்கி விழுந்துவிடுவார். கல்யாணத்துக்கு முன்பு ரத்த வகை பார்க்கப் போன இடத்தில் அவரைத் தூக்கி உட்காரவைத்தவள் நான். அப்படிப்பட்டவர் இந்த ஒன்பது நாளும் கேன்டீனில் பரோட்டா தின்றுகொண்டு, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு "பாப்பா சூப்பரா இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனதில் எதையோ அமுக்கிக்கொண்டு என் முன்னால் நடிக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"ஏனுங்க, உண்மையச் சொல்லுங்க."

"எட்டு கிராம் கூடியிருக்கா சம்யு."

"எட்டு கிராம் எனக்கும் தெரியும். உங்க டப்பா வேற என்ன சொல்லுச்சு?"

"வேற என்ன சொல்லும்? நல்லாருக்கா. நீ பச்ச உடம்பு. கண்டதையும் யோசிச்சு ஒடம்பக் கெடுத்துக்காத."

பச்சை உடம்பு! இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. பிள்ளை பெற்ற நாளிலிருந்து நான் மனுஷியே இல்லை, உடையப்போகிற சாமான். வலி முழுவதையும் தாங்கிப் பெற்றவளுக்கு ஒரு செய்தியைத் தாங்கமுடியாது என்று இந்த ஊர் முழுக்க எப்படித்தான் தீர்மானித்ததோ தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம் பெற்றோர் கூடத்தில் சாப்பிட்டுவிட்டு அவர் நாற்காலியிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவர் கழுத்திலிருந்த கருவியை மெதுவாகக் கழற்றினேன். பழைய செய்திகளைக் கேட்க அதில் ஒரு பொத்தான் உண்டு. காதோடு வைத்து முதல் நாளிலிருந்து கேட்டேன்.

"வணக்கம் சபரீஷ். பாப்பா தேறிட்டு வர்றாங்க. நேத்தைவிட எடை எட்டு கிராம் கூடியிருக்கு. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க."

ஒன்பது நாளும் அதேதான். எனக்கு வந்ததில் பெயரை மட்டும் மாற்றியிருந்தது. மனுஷன் நடிக்கவே இல்லை. சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டிருக்கிறார். கெட்ட செய்தி கிடைக்கவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. அப்படியும் ஒரு அழுகை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அழுது முடித்ததும் சோதனைப் பிரிவுக்காரிக்கு வரவேண்டிய யோசனை வந்தது. மீட்டர் எதை அளக்கிறதோ அதை மாற்றினால் போயிற்று. என் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி, தூங்கிக்கொண்டிருந்தவரின் இடது கையில் கட்டினேன். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிற உடம்பு. என் கருவி ஐம்பத்தெட்டு என்று காட்டியது.

"சம்யுக்தா, நீங்க ரொம்ப அமைதியா இருக்கீங்க. சந்தோஷம்" என்றது.

"சந்தோஷம் இருக்கட்டும். பாப்பாவுக்கு என்ன பிரச்சனை?"

"அதை உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு குடும்பத்தோட கோரிக்கை இருக்கு."

"எந்தக் குடும்பம்?"

கருவி ஒரு பதிவைப் போட்டது. சபரீஷின் குரல், அடித்தொண்டையில். "பச்ச உடம்புங்க. அவளுக்கு எதும் தெரிய வேண்டாம். எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டேன். "சரி. அவர்கிட்டச் சொன்னியா?"

"அவர்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு ஒரு கோரிக்கை இருக்கு."

"அது யாரு குடுத்தது?"

இன்னொரு பதிவு. ஒரு பெண் மூச்சிரைத்துக்கொண்டு கத்துகிறாள். "அவருகிட்ட எதையும் சொல்லித் தொலைக்காதீங்க, அந்த ஆளு தாங்க மாட்டாரு! எதுவானாலும் என்னக் கேளுங்க!" பின்னணியில் யாரோ முக்கும்மா, முக்கு என்கிறார்கள். பிரசவ அறையில் யாரோ வந்து எதையோ கேட்டது மங்கலாக நினைவு வந்தது. அந்தக் குரல் என்னுடையது.

பக்கத்தில் அவருடைய நாடி ஐம்பத்தெட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப யாருக்குத்தான் சொல்லியிருக்க?"

"கோரிக்கை இல்லாத பெற்றோர் யாரும் இல்லை. காத்திருக்கேன்."

"எத்தன நாளா?"

"ஆறு நாளா."

"டாக்டர் ஒண்ணும் கேக்கலியா?"

"தினமும் கேக்கறாங்க. குடும்பம் அவகாசம் கேட்குதுன்னு பதில் அனுப்பியிருக்கேன்."

"நாங்க எப்படா அவகாசம் கேட்டோம்? பொய்தான சொல்ற?"

"நான் பொய் சொல்றதில்ல சம்யுக்தா. குடும்பம் கேட்ட மாதிரி நடந்துக்கறேன்."

சபரீஷை உலுக்கி எழுப்பினேன். இரண்டு கையிலும் பட்டையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். "நீங்க சொன்னதத் திருப்பி வாங்குங்க. எங்கிட்டச் சொல்லலாம்னு இதுகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

"சம்யு, நல்லாத்தான இருக்கா? இப்ப எதுக்கு..."

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க! எனக்கும் தெரியாது! நான் உங்களுக்கு மறைக்கச் சொல்லியிருக்கேன், நீங்க எனக்கு மறைக்கச் சொல்லியிருக்கீங்க. ரெண்டு பேரும் பெரிய தியாகிங்க! நடுவுல அவ ஆறு நாளா மூச்சுக்குத் தவிச்சிட்டுக் கெடக்கறா!"

கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் வெளிறியது. மயங்கிவிடுவாரோ என்று பார்த்தேன். மயங்கவில்லை. கருவியை வாயருகே பிடித்துக்கொண்டு, "என்ற சம்சாரத்துக்கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க" என்றார். நானும் அவருக்காக அதையே சொன்னேன். பட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டேன்.

"நன்றி. கோரிக்கைகள் நீக்கப்பட்டன. இப்ப ரெண்டு பேருக்குமே நாடித்துடிப்பு நூத்தி முப்பதுக்கு மேல இருக்கு. ஓய்வெடுத்துட்டு சாயந்திரம் பேசலாம்" என்றது ஆறுதல்.

பட்டையைப் பிய்த்தெடுத்து நாற்காலியில் எறிந்தேன். கருவியையும் எறிந்தேன். பிரிவின் கதவை இரண்டு கையாலும் தட்டினேன். ஜெசிந்தா சிஸ்டர் வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்னம்மா இப்ப?"

"சிஸ்டர், எங்ககிட்ட யாரும் ஒண்ணுமே கேக்கல. நாங்க எதையும் வேண்டாங்கல. எங்களுக்கு என்னன்னே தெரியாது."

நடந்ததைச் சொன்னேன். குளறிக் குளறித்தான் சொன்னேன், ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆறு நாளா நீங்க கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்கன்னு நெனச்சிட்டிருந்தோம். பெத்தவளா இவன்னு உன்ன வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன் கண்ணு. பொட்டப் புள்ளைன்னு விட்டுட்டாங்கன்னு இங்க பேச்சு. உங்கள மீறி ஆபரேசன் பண்ண அனுமதி கேட்டு டாக்டர் எழுதிப் போட்டிருக்காரு. நாளைக்குத்தான் அந்தக் கமிட்டி கூடுது."

"என்ன ஆபரேசன் சிஸ்டர்?"

அவர் உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நான் ஒண்ணும் சொல்லல. பேப்பர்ல இருக்குது, படிச்சுக்கோ."

சம்மதப் படிவம். வராந்தா ஜன்னலோரம் நின்று இரண்டு பேரும் படித்தோம். இதயத்துக்குப் பக்கத்தில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைக்கும் சின்னக் குழாய் ஒன்று, குழந்தை பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டும். இவளுக்கு மூடவில்லை. நுரையீரலுக்குள் ரத்தம் அதிகமாகப் பாய்கிறது. மருந்துக்குக் கேட்கவில்லை. மார்பைத் திறந்து அதைக் கட்டவேண்டும். கீழே ஆபத்துகளின் பட்டியல். சபரீஷ் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ரத்தக்கசிவு என்ற இடத்தில் விரல் நின்றது, பிறகு நகர்ந்தது. அவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். நான் அவரைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன் என்பது அந்தக் கையெழுத்தில் தெரிந்தது. கொஞ்சம்கூட நடுக்கமில்லை.

ஒரு மணி நேரத்தில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டே கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் என் கையை விடவில்லை.

அறுவை அரங்கின் கதவு திறந்து டாக்டர் அஃப்சல் வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த ஒலிவாங்கியை நோக்கி நடந்தார். டாக்டர்கள் அதில்தான் செய்தியைச் சொல்வார்கள், அது அளந்து எங்களுக்கு ஊற்றும். நான் ஓடிப்போய் ஒலிவாங்கிக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.

"டாக்டர், எங்களப் பாத்துச் சொல்லுங்க."

"மேடம், ரூல் அப்படி இல்ல..."

"டப்பா எங்க கழுத்துல இல்ல. நீங்க அதுல சொன்னாலும் எங்களுக்கு வராது."

அவர் கண் என்னைத் தாண்டிப் பின்னால் போனது. ஆறடியில் என் கணவர் எழுந்து வந்துகொண்டிருந்தார். டாக்டர் ஒரு அடி பின்னால் போனார். சபரீஷுக்கு அது புரிந்தது. அப்படியே வராந்தாவின் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க சார். நான் எந்திரிக்க மாட்டேன்."

டாக்டர் அஃப்சல் அவருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். "நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் நேர்ல சொன்னதில்லைங்க. நான் படிச்சு வெளிய வரும்போதே சட்டம் வந்தாச்சு. எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல" என்றார். அவர் விரல்கள் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தன.

"பாப்பா இருக்காளா?" என்று நானே ஆரம்பித்துக் கொடுத்தேன்.

"இருக்கா. உயிருக்கு ஆபத்து தாண்டியாச்சு. குழாயக் கட்டியாச்சு."

சபரீஷ் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முடிக்கவில்லை என்று தெரிந்தது.

"அப்பறம்?"

"குரலுக்குப் போற நரம்பு அந்தக் குழாயச் சுத்தித்தான் ஓடுது. ஆறு நாள்ல குழாய் ரொம்பப் பெருத்துப் போயிருந்துச்சு. பிரிச்செடுக்கும்போது..." நிறுத்தினார். "என் கை பட்டுருச்சு. நரம்பு அடிவாங்கிடுச்சு. அழுதா சத்தம் வராமப் போகலாம். சில குழந்தைங்களுக்கு மாசக்கணக்குல திரும்ப வரும். சிலருக்கு வர்றதில்ல. முன்னாடியே பண்ணியிருந்தா சுலபமா இருந்திருக்கும்."

சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடிவிழும் என்று காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

அடிக்கவேண்டும் போலத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? என் பிள்ளையின் குரல் நரம்பில் கைபட்டது என்கிறான் ஒருவன். ஆனால் யாரை அடிப்பது? இவர் ஆறு நாள் கேட்டிருக்கிறார். கமிட்டிக்கு எழுதிப்போட்டிருக்கிறார். டாக்டர்கள் வாயைக் கட்டச் சட்டம் போட்டவர்களையா? அந்தச் சட்டத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வரிந்துகட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறோம். மறைக்காதே என்று யாராவது ஒருவர், ஒரே ஒருவர், சொல்லியிருந்தால் அவளுக்குக் குரல் இருந்திருக்கும்.

"கண்ணத் தொறங்க டாக்டர்" என்றேன். "இனிமே அவளப் பத்தி எதுவானாலும் நீங்களே வந்து சொல்லணும். எவ்வளவு மோசமா இருந்தாலும் சரி."

"வேலை போயிரும் மேடம்" என்றார். பிறகு, "வர்றேன்" என்றார்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள், மூச்சுக்காக அவள் தொண்டையில் செருகியிருந்த குழாயை எடுக்கும்போது எங்களை உள்ளே விட்டார்கள். ஜெசிந்தா சிஸ்டர் கதவைச் சாத்திக்கொண்டு காவலுக்கு நின்றார். டாக்டர் அஃப்சல் குழாயை உருவியதும் அவள் முகம் சுருங்கியது, சிவந்தது. வாய் அகலமாகத் திறந்தது. கால் இரண்டையும் உதைத்தாள். அவள் பிறந்ததிலிருந்து இவ்வளவு பலமாக உதைத்து நான் பார்த்ததில்லை. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"அழறாளுங்களா டாக்டர்?" என்று சபரீஷ் கேட்டார்.

"நல்லா அழறா" என்றார் அவர்.

அவள் அழுகிறாள் என்பது இனி கேட்டால் தெரியாது, பார்த்தால்தான் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் பெட்டியின் இரண்டு பக்கமும் நின்று, கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.